நாதம் உறையும் தட்டுகள்: பழைய பக்தி இசைத்தட்டுகளுக்கு ஏற்ற தூரிகையும் திரவமும்

மார்கழி வைகறையில் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து திருப்பாவை எழுந்து, கோலமிட்ட தெருவெங்கும் பரவிய காலம் ஒன்று உண்டு. அந்த ஒலிக்குப் பின்னால், கோயில் அலுவலக அறையின் ஒரு மூலையில், கறுப்புத் தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதம் 1963ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தபோது, அதனை வாங்கிப் பூஜையறைக்கு அருகில் வைத்துப் போற்றிய குடும்பங்கள் பல. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை, டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் ஆகியோரின் முருகன் பாடல்கள், இவற்றுக்கும் முந்தைய தலைமுறையில் கே.பி. சுந்தராம்பாளின் கம்பீரக் குரல் என்று, அக்கால வீடுகளில் பக்தி தட்டு வடிவில் குடியிருந்தது.

அத்தட்டுகளில் பல இன்றும் பீரோவின் அடித்தட்டிலும் பரணிலும் துணி சுற்றிக் கிடக்கின்றன. புகழ்பெற்ற பாடல்கள் பின்னர் ஒலிநாடாவிலும் குறுந்தட்டிலும் வந்துவிட்டன. ஆனால் ஊர் அறிந்து, உலகம் மறந்துபோன ஓதுவார்கள், நாகசுர வித்வான்கள், ஹரிகதை விற்பன்னர்கள் ஆகியோரின் பதிவுகளில் எத்தனையோ வேறெந்த வடிவிலும் மறுபிறவி எடுக்கவில்லை. அத்தகைய தட்டு ஒன்று ஒரு வீட்டில் இருக்குமாயின், அந்தக் குரலுக்கு எஞ்சியுள்ள இருப்பிடம் அதுவாகவே இருக்கவும் கூடும்.

இத்தட்டுகளுக்குத் தூசியால் வரும் கேடு சிறிது. ஆர்வத்தால் வரும் கேடு பெரிது. பெயரன் ஆசையோடு தட்டை வெளியே எடுக்கிறான். மேலே சாம்பல் நிறத்தில் தூசி படர்ந்திருக்கிறது. வீட்டில் கைக்குக் கிடைத்த ஸ்பிரிட்டையோ கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ பஞ்சில் நனைத்து ஒரு முறை துடைக்கிறான். ஐம்பது ஆண்டுத் தூசி செய்யாத அழிவை அந்த ஒரு துடைப்பு செய்துவிடுகிறது. ஆகவே, எந்தத் தட்டுக்கு எந்தத் தூரிகை, எந்தத் திரவம் என்பதை அறிந்த பிறகே அதன்மீது கை வைப்பது நன்று.

முதலில் தட்டின் இயல்பை அறிதல்

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட மூலவர் சுதைத் திருமேனி. ஆகவே அவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பு மட்டுமே. உற்சவரான நம்பெருமாளுக்கோ திருமஞ்சனம் சிறப்பாக நடைபெறுகிறது. திருமேனி எதனால் ஆனதோ, அதற்கேற்ப உபசாரம் மாறுகிறது. இசைத்தட்டுக்கும் இதே விதிதான்.

நம் வீடுகளில் காணக்கூடிய தட்டுகள் பெரும்பாலும் இரு வகை. முதல் வகை, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய கிராமபோன் தட்டு. பெரும்பாலும் பத்து அங்குல அகலம். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு. கனமானது, வளையாதது, கை தவறினால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். இதன் மூலப்பொருள் ஷெல்லாக் எனப்படும் அரக்கு. மகாபாரதத்தில் பாண்டவர்களை எரிக்க எழுப்பிய மாளிகையின் அதே அரக்குதான். அஞ்சலகத்திலும் வங்கியிலும் உறைக்கு முத்திரை வைக்கப் பயன்பட்ட அரக்கின் உறவுதான். மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் இந்தப் பிசினோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்தி வார்த்தவை அந்தத் தட்டுகள்.

இரண்டாம் வகை வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் பன்னிரண்டு அங்குல எல்.பி. தட்டும், மறு ஆண்டு வந்த 45 சுற்று ஏழு அங்குலச் சிறு தட்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. எடை குறைவு, சற்று வளைந்து கொடுக்கும்.

தட்டின் நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டில் சுழற்சி வேகம் அச்சிடப்பட்டிருக்கும். 78 என்றிருந்தால் அதனை அரக்குத் தட்டு என்றே கொள்வது பாதுகாப்பானது. பிற நாடுகள் கைவிடத் தொடங்கிய பின்னும், 1960களிலும் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் வெளிவந்தன. ஆகவே ஆண்டைப் பார்த்து வகையை முடிவு செய்தல் கூடாது.

மூன்றாவதாக, அபூர்வமாகச் சில வீடுகளில் நேரடியாகப் பதிவு செய்த தனித்தட்டுகள் இருக்கலாம். விளிம்பையோ நடுத்துளையையோ உற்று நோக்கினால் உள்ளே உலோகத் தகடு தெரியும். அதன்மேல் மெல்லிய கறுப்புப் பூச்சு மட்டுமே இருக்கும். அந்தப் பூச்சு உரிந்தால் பாட்டும் அதனோடு போய்விடும். அத்தகைய தட்டை வீட்டில் கழுவாமல், ஒலிப்பதிவுகளைப் பேணும் ஆவணக் காப்பக வல்லுநரிடம் காட்டுவதே முறை.

தூசியிலும் வகை உண்டு

எல்.பி. தட்டின் ஒரு வரிப்பள்ளம் மனிதத் தலைமயிரின் தடிமனைவிடவும் குறுகலானது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. 78 தட்டின் பள்ளம் அதைப்போல் மூன்று மடங்கு அகலம். அந்தப் பள்ளத்தின் சுவர்களில் உள்ள நெளிவுகளே பாடகரின் குரல். அதில் ஒரு தூசித் துகள் அமர்ந்தால், முள் அதன்மேல் ஏறி இறங்கும்போது 'பட்' என்ற ஒலி கேட்கிறது.

வினைல் தட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உறையிலிருந்து உருவும்போதே அதில் நிலைமின்சாரம் ஏறிவிடுகிறது. காற்றில் மிதக்கும் தூசியை அது தானே இழுத்துக்கொள்கிறது. அரக்குத் தட்டுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பூஜையறையை ஒட்டி வைத்திருந்த தட்டுகளில் ஊதுபத்திப் புகையும் கற்பூரக் கரியும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கக் காணலாம். விரல் ரேகையின் எண்ணெயும் அதனோடு சேரும். இத்தகைய ஒட்டும் அழுக்கு உலர்ந்த தூரிகைக்கு அசையாது. வெறும் நீருக்கும் எளிதில் அசையாது. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் பூஞ்சை பூத்து, வெண்புள்ளிகளாகப் படர்வதும் உண்டு. உலர்ந்த தூசிக்கு உலர்ந்த தூரிகை, ஒட்டிய அழுக்குக்கு ஈரத் தூரிகையும் திரவமும் என்பதே அடிப்படை.

தூரிகைகள்

முதலாவது, கரியிழைத் தூரிகை. கார்பன் ஃபைபர் பிரஷ் என்று கேட்டால் இசைக்கருவிக் கடைகளிலும் இணைய வணிகத்திலும் கிடைக்கும். மயிரைவிட நுண்ணிய ஆயிரக்கணக்கான கரி இழைகள் இதில் உண்டு. கரி மின்சாரத்தைக் கடத்துவதால், தூசியை எடுப்பதோடு நிலைமின்சாரத்தையும் ஓரளவு தணிக்கிறது. வினைல் தட்டை ஒவ்வொரு முறை போடும் முன்பும் இதனைப் பயன்படுத்தலாம். தட்டு சுழலும்போது, தூரிகையின் எடை மட்டுமே படுமாறு மெல்ல வைத்து, இரண்டு மூன்று சுற்றுகள் சென்ற பின் மெதுவாக வெளிவிளிம்பை நோக்கி நகர்த்தி எடுக்க வேண்டும். அழுத்தினால் தூசி பள்ளத்துக்குள்ளேயே புதையும். இந்தத் தூரிகையை ஈரத்தில் பயன்படுத்துதல் கூடாது. இழைகளை விரலால் தொடுவதும் கூடாது, விரலின் எண்ணெய் இழை வழியே தட்டுக்குச் சென்றுவிடும்.

இரண்டாவது, வெல்வெட் பட்டை. மரக்கட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ வெல்வெட் ஒட்டிய இது பழைய நாள் முதலே வழக்கில் உள்ளது. மேற்பரப்புத் தூசிக்குப் போதும். ஆனால் பீரோவில் பல்லாண்டு கிடந்த வெல்வெட் பட்டையைத் தட்டோடு சேர்த்து எடுத்து அப்படியே தேய்த்தல் தவறு. அதனுள் அடைந்திருக்கும் மண் துகளே தட்டைக் கீறிவிடும்.

மூன்றாவது, ஆட்டுமயிர்த் தூரிகை. மிக மென்மையானது, ஈரக் கழுவலுக்கு ஏற்றது. அரக்குத் தட்டுக்கும் வினைலுக்கும் பொதுவாக ஒன்று மட்டும் வாங்குவதானால் இதனையே வாங்கலாம். ஓவியர்கள் வண்ணம் நிரப்பப் பயன்படுத்தும் அகலமான ஆட்டுமயிர்த் தூரிகையும் இதற்கு உதவும். ஆனால் அதன் மயிரைக் கட்டியுள்ள தகரப் பட்டை தட்டில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நுண்ணிய நைலான் இழைத் தூரிகை. இசைத்தட்டுக்கென்றே செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். பிசுக்கேறிய எல்.பி. தட்டில் ஆட்டுமயிரைவிட ஆழமாகச் சென்று அழுக்கை எடுக்கும். உலர்ந்த தட்டில் இதனைத் தொடவே கூடாது.

எந்தத் தூரிகையானாலும் கழுவுவதற்கு ஒன்று, அலசுவதற்கு வேறொன்று என இரண்டு வைத்துக்கொள்ளுதல் சிறப்பு. பயன்படுத்திய பின் அவற்றையும் தூய நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

திரவங்கள்

திரவங்களுள் முதன்மையானது காய்ச்சி வடித்த நீர். பேட்டரிக் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் 'டிஸ்டில்டு வாட்டர்' என்று கிடைக்கும். பேட்டரி அமிலமும் அங்கேயே விற்கப்படுவதால், குப்பியின் மேல் எழுதியிருப்பதைக் கண்ணாடி அணிந்து ஒரு முறைக்கு இருமுறை படித்து வாங்க வேண்டும். குழாய் நீரும் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் உதவா. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படியும் உப்பு, நீர் உலர்ந்ததும் தட்டின் பள்ளத்திலும் அவ்வாறே படியும். கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் கிருமி போகுமேயன்றி உப்பு போகாது. ஆர்.ஓ. இயந்திர நீரிலும் சிறிதளவு உப்பு எஞ்சியிருக்கும்.

நீர் தனியே பள்ளத்துக்குள் எளிதில் இறங்காது. தாமரை இலையில் நிற்பதுபோல் தட்டின் மேல் துளித்துளியாக நிற்கும். அதனைப் பரவச் செய்வதற்கு ஒரு சிறிது சோப்புத் தன்மை தேவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் ஒலிப்பதிவுகளைக் கழுவ டெர்ஜிட்டால் என்னும் வேதிப்பொருளை நீரில் மிகச் சிறிதளவு கலந்து பயன்படுத்துகிறது. வீட்டளவில், நிறமும் மணமும் கைக்கு மென்மை தரும் கூட்டுப்பொருளும் சேராத பாத்திரம் துலக்கும் திரவத்தை, ஒரு லிட்டர் வடிநீருக்கு இரண்டு மூன்று சொட்டு மட்டும் கலந்தால் போதும். நுரை பொங்கினால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். கடையில் ஆயத்தமாக விற்கும் இசைத்தட்டுத் திரவங்களை வாங்குவோர், குப்பியில் எழுதியுள்ளவற்றுள் ஒன்றைக் கட்டாயம் தேட வேண்டும்: ஆல்கஹால் உண்டா, இல்லையா?

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் தச்சர்கள் அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைப்பதை மூத்தோர் பலர் கண்டிருப்பர். அரக்குத் தட்டும் ஸ்பிரிட்டில் அவ்வாறே கரையும். துடைத்த பஞ்சில் கறுப்பு ஏறினால், அது அழுக்கு என்று மகிழ்வோர் உண்டு. உண்மையில் அந்தப் பஞ்சில் வந்தது பாட்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஸ்பிரிட், கைகளுக்கான சானிடைசர், ஓடிகொலோன் ஆகிய எதுவும் 78 தட்டின் அருகே வரலாகாது. வினைல் தட்டில் ஆல்கஹாலைச் சிறிதளவு நீரில் கலந்து பயன்படுத்துவோர் உள்ளனர். எனினும் அது இல்லாமலே காரியம் நடக்கும். விளக்கு எரியும் வீட்டில் எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் திறந்து வைக்காதிருப்பதும் ஒரு நன்மையே.

மண்ணெண்ணெய், பெட்ரோல், நகப்பூச்சு அகற்றும் திரவம், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகியவை இரு வகைத் தட்டுகளுக்கும் விலக்கு. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கமும் சில வீடுகளில் இருந்தது. தட்டு மின்னும், ஆனால் அடுத்த வாரமே அந்த எண்ணெய் தூசியைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். புளி, விபூதி, சீயக்காய் ஆகியவை குத்துவிளக்கைத் துலக்கட்டும். தட்டில் அவை கீறலையே விட்டுச் செல்லும்.

கழுவும் முறை

மேசைமேல் சுத்தமான பருத்தித் துண்டை நான்காக மடித்து விரிக்க வேண்டும். மோதிரமும் வளையலும் கழற்றி வைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்திய பின், தட்டை விளிம்பாலும் நடுச்சீட்டாலும் மட்டுமே பிடிக்க வேண்டும். கை நடுக்கம் உள்ளவர்கள், குறிப்பாக அரக்குத் தட்டுக்கு, இளையவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நலம். முதல் முயற்சியை, போனாலும் வருந்தாத ஒரு தட்டில் செய்து பார்ப்பது விவேகம்.

பூஞ்சை கண்ட தட்டாயின், மூக்கையும் வாயையும் மறைத்து, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். உலர்ந்த பூஞ்சையை அறைக்குள் துலக்கினால், அதன் பொடி மூச்சிலும் கலக்கும், அருகிலுள்ள தட்டுகளிலும் தொற்றும். ஆஸ்துமா உள்ளவர்கள் அப்பணியைப் பிறரிடம் விடுதல் வேண்டும்.

முதலில் உலர்ந்த மென் தூரிகையால் மேல்தூசியை அகற்ற வேண்டும். பூஞ்சை கண்ட தட்டுக்கு மட்டும் இந்தப் படியைத் தவிர்த்து நேரே ஈரத் தூரிகைக்குச் செல்லலாம். நடுச்சீட்டு நனையாதவாறு, எல்.பி. தட்டில் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள அச்சீட்டின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். பாடகர் பெயரும் பாடலின் பெயரும் தட்டின் எண்ணும் அந்தச் சீட்டில்தான் உள்ளன. அது அழிந்தால் தட்டு பெயரற்றதாகிவிடும்.

பிறகு இரண்டு மூன்று தேக்கரண்டிக் கலவை நீரைப் பள்ளங்களின்மேல் பரப்பி, தூரிகையைப் பள்ளம் செல்லும் திசையிலேயே, கோயிலை வலம் வருவதுபோல் வட்டமாகக் கொண்டுசெல்ல வேண்டும். நடுவிலிருந்து விளிம்புக்குக் குறுக்கே இழுத்தல் கூடாது. அழுத்தமும் தேவையில்லை, பொறுமையே தேவை. எல்.பி. தட்டில் ஓரிரு நிமிடம் கலவை ஊறலாம். அரக்குத் தட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அதில் கலந்துள்ள பொருள்கள் ஈரத்தை உறிஞ்சும் இயல்பின. ஆகவே விரைந்து கழுவி, விரைந்து அலசி, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். விரிசல் கண்ட அரக்குத் தட்டை நனைக்கவே வேண்டா. நீர் அறையின் சூட்டிலேயே இருக்கட்டும். வெந்நீர் இரு வகைத் தட்டுகளையும் கெடுக்கும்.

அடுத்து, வேறொரு தூரிகையாலும் தூய வடிநீராலும் இருமுறை அலச வேண்டும். பலர் அவசரத்தில் விட்டுவிடும் படி இதுவே. அலசாத சோப்பு உலர்ந்து பள்ளத்தில் பொருக்காக நின்றால், கழுவுமுன் இருந்ததைவிட இரைச்சல் மிகும். நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, பாத்திரம் கவிழ்க்கும் தாங்கியில் தட்டை நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறியின் நேர்க்காற்று படாத நிழலில் உலரவிட வேண்டும். வெயிலும் தலைமுடி உலர்த்தும் கருவியும் வினைலை வளைத்துவிடும். ஈரம் முற்றும் போன பிறகே தட்டைப் போடலாம்.

உறையும் முள்ளும்

கழுவிய தட்டைப் பழைய அழுக்கு உள்ளுறையில் மீண்டும் இடுவது, நீராடி வந்தவர் அழுக்கு வேட்டியை மறுபடி உடுப்பதற்கு ஒப்பாகும். புதிய உள்ளுறை வாங்கி இட்டு, படமும் விவரமும் அச்சிட்ட வெளியட்டையைத் துடைத்துப் பேண வேண்டும். தட்டுகளைப் புத்தகம்போல் நெட்டாக நிறுத்தி வைப்பதே சரி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலுள்ளவை வளையும், அரக்குத் தட்டு உடையும்.

தட்டைக் கழுவி முள்ளை மறந்தால் பயனில்லை. முள்ளின் நுனியில் சேரும் தூசியை அதற்கென உள்ள சிறு தூரிகையால், பின்னிருந்து முன்னாக மட்டும் மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். 78 தட்டுக்கு அகன்ற நுனி கொண்ட தனி முள் வேண்டும், எல்.பி. முள் அதன் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டுமே தரும். சாவி கொடுத்துச் சுழலும் பழைய கிராமபோனில் எல்.பி. தட்டை வைத்தல் கூடவே கூடாது. எல்.பி. தட்டின் முள் ஏறத்தாழ இரண்டு கிராம் எடையோடு அதன்மேல் அமர்வது; கிராமபோனின் ஒலிப்பெட்டியோ நூறு கிராமுக்கும் மேல் அழுத்தும். ஒரே சுற்றில் பள்ளம் சிதைந்துவிடும்.

தூய்மை தருவதும் தராததும்

கழுவிய பின்னும் ஒலி கேட்டால் கலங்க வேண்டா. எல்.பி. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். அந்த இடைவெளியில் தாளம் தவறாமல் 'டக், டக்' என்று கேட்டால் அது கீறல். எந்தத் திரவமும் அதனைப் போக்காது. ஒழுங்கின்றி அங்கும் இங்கும் கேட்டால் எஞ்சியுள்ள அழுக்கு; இன்னொரு முறை கழுவினால் குறையக்கூடும். பல்லாண்டு தேய்ந்த முள்ளால் வந்த கரகரப்பும் மீளாது. அதற்காகக் கடுமையான திரவத்தை நாடுவது, உள்ளதையும் இழக்கும் வழி.

தட்டு தூய்மையாக இருக்கும் அந்த நாளிலேயே அதன் ஒலியைக் கணினியில் பதிவு செய்துகொள்ளுதல் மிக நன்று. கருவியும் பழக்கமும் உள்ள இளையோர் வீட்டிலேயே செய்துவிடலாம். பதிவின் பெயரில் பாடகர், பாடல், நடுச்சீட்டின் எண் ஆகியவற்றை எழுதி, ஒன்றுக்கு இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். பிறகு தட்டு ஓய்வெடுக்கலாம். தினமும் முள் படவேண்டிய அவசியம் இல்லை. விசேஷ நாள்களில் மட்டும் அதனைச் சுழலவிட்டால், தேய்மானமும் குறையும், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு அது ஒரு விழாவாகவும் அமையும்.

ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களையும் இசைக்கருவிகளையும் துடைத்துப் பொட்டிட்டுக் கலைமகளின் முன் வைக்கும் மரபு நம்முடையது. இசைத்தட்டுகளும் அந்த வரிசையில் இடம்பெறத் தக்கவை. சந்தனமும் குங்குமமும் வெளியட்டையோடு நிற்கட்டும். தட்டுக்கு உரிய பூஜை ஒரு மென் தூரிகையும், சிறிது வடிநீரும், அவசரமில்லாத ஒரு பிற்பகலும் மட்டுமே.